மச்சான் இழுத்த வில்

இதை எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. "என் தம்பி மானத்தை ஏலம் விடாதீங்க" என்கிறாள். புது டிரில்லிங் மெஷின் வாங்கிய அன்றே சுவருக்குள் போகிற தண்ணீர்க் குழாயைச் சரியாகக் கண்டுபிடித்துத் துளைத்தவனின் மானம் என்ன நிலவரத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? ஏலத்துக்கு வைத்தாலும் கேட்க ஆள் வராது. அதனால் எழுதுகிறேன்.

காம்பவுண்ட் வில், அதாவது இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில், வாங்கப் போனோம். வாங்க வேண்டியவன் நான். மச்சான் வந்தது துணைக்கு.

என் பெண் ரிகர்வ் (சக்கரம் இல்லாத வில்) பழகுகிறாள் என்பதும், நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்பதும் பழைய கதை. என்னைப் பார்த்துப் பார்த்துக் கோச்சுக்கே சலித்துவிட்டது போல. "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, நீங்களும் நாலு அம்பு விடுங்க சார்" என்று கிளப்பில் கிடந்த காம்பவுண்டைக் கையில் கொடுத்தார். என் தோள்பட்டை இருக்கிற இருப்புக்கு ரிகர்வ் ஆகாதாம். அதில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். காம்பவுண்டில் நடுவழியில் உச்சம் தொட்டு, சக்கரம் உருண்டதும் பொசுக்கென்று இறங்கிவிடும். உழைக்காமல் நிற்கலாம் என்றதுமே இது நமக்கான ஆயுதம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பெண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை. "சக்கரம் இருக்கு, பூதக்கண்ணாடி இருக்கு, மட்டம் பாக்கக் குமிழி இருக்கு, விடறதுக்கு ட்ரிகர் இருக்கு. இதுல நீங்க எதுக்குப்பா?" என்றாள். நானும் சளைக்காமல் படித்து வைத்திருந்தேன். அவர்கள் சுடுவது 70 மீட்டர், 122 சென்டிமீட்டர் டார்கெட். நாங்கள் 50 மீட்டர், 80 சென்டிமீட்டர். "உங்க பத்துப் பாயிண்ட் வட்டம் 12.2 சென்டிமீட்டர், எங்களுது வெறும் 8" என்றேன். ("எங்களுது" என்று சொல்லிக்கொள்ளும்போது நான் இன்னும் வில்லே வாங்கவில்லை.) "ஒலிம்பிக்ஸ்ல கிடையாதே" என்றாள். "2028 லாஸ் ஏஞ்சலஸ்ல காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி இருக்கு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில், கலப்பு அணியில் என்னோடு நிற்கப்போகிற அந்த அபாக்கியவதி மீதான இரக்கம் தெரிந்தது.

வில் வாங்குவதில் முதல் வேலை கை அளப்பது. சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் எடுத்து 2.5ஆல் வகுத்தால் டிரா லெங்த் ஏறக்குறைய வந்துவிடும். எவ்வளவு தூரம் நாணை இழுக்கலாம் என்பது அது. ரிகர்வில் இழுத்த இடம்தான் அளவு. காம்பவுண்டில் அப்படிக் கிடையாது; சக்கரம் ஒரு இடத்தில் நின்றுவிடும், அந்த இடம் நம் கைக்குப் பொருந்த வேண்டும். வீட்டம்மா தையல் டேப்போடு வந்தாள். அது 60 அங்குலத்தோடு முடிந்துவிட்டது. மிச்சத்துக்கு விரலை வைத்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தவளைத் தடுத்து, மச்சான் இரும்பு டேப்பால் அளந்தான். 68. அப்படியென்றால் 27 சொச்சம். பிறகு தன்னையும் அளக்கச் சொன்னான். 29 வந்தது. கை நீளத்தை அளக்கும்போது குதிகாலை எதற்குத் தூக்கினான் என்று இந்த நிமிஷம் வரை அவன் சொல்லவில்லை.

போகிற வழியெல்லாம் விரிவுரை. அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்துக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர்தான் இதைக் கண்டுபிடித்தாராம், 1966இல் விண்ணப்பம் போட்டு 1969இல் காப்புரிமை வாங்கினாராம். அதுவரை ஆயிரக்கணக்கான வருஷமாக எல்லோரும் முட்டாள்தனமாகப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார்களாம். "அர்ஜுனன் கையில மட்டும் இது இருந்திருந்தா அத்தான்..." என்று ஆரம்பித்தான். கிருஷ்ணருக்கு வேலை போயிருக்கும் என்று சொல்லி முடித்துவைத்தேன்.

சில கடைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றில் எல்லாம் பெட்டிக்குள் இருந்தது; காசு கொடுத்தால்தான் பிரிப்பார்களாம். இன்னொன்றில் என் மீசையைப் பார்த்ததுமே "ஆம்பளைக்கு எழுபது பவுண்டுதான் சார் கெத்து" என்றார்கள். உலக வில்வித்தைச் சம்மேளனப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு இழுக்கிற பாரத்தின் உச்ச வரம்பே 60 பவுண்டுதான். அந்தக் கெத்தை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டைக்குப் போவது?

கடைசியாகப் போன கடை பெரியது. உள்ளேயே சுட்டுப் பார்க்க இடம், சுவர் முழுக்க வில். விற்பனைப் பையன் சுறுசுறுப்பு. ஆனால் என்னைவிட நான்கே வயது சின்னவனான மச்சானை "ப்ரோ" என்றான், என்னை "அங்கிள்" என்றான். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

"அங்கிள், இது 340" என்றான். நொடிக்கு 340 அடி வேகமாம். அந்த எண் எப்படி வருகிறது என்று பெண் சொல்லி அனுப்பியிருந்தாள்: 70 பவுண்டு வில், 30 அங்குல டிரா, 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடை அம்பு. அங்குலம் ஒன்று குறைந்தால் சுமார் 10 அடி வேகம் போகும், பவுண்டு குறைந்தால் இன்னும் போகும். "என் கைக்கு எவ்வளவு வரும்?" என்றேன். "340 வரும் அங்கிள்" என்றான். "எனக்கு 27 அங்குலம் தம்பி." "இது 29. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." "சக்கரத்தையா?" "இல்ல அங்கிள், நீங்க. போகப் போகப் பழகிடும்."

இழுத்துப் பார்த்தேன். முழங்கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, நாண் காதைத் தாண்டிவிட்டது, நான் பின்னால் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு "வளர்ற பிள்ளைதானே" என்பார்களே, அந்த நியாயம். வளர்கிற வயதில் என் கை இல்லை என்பதை "அங்கிள்" என்று கூப்பிட்ட வாயே ஒத்துக்கொள்ள வேண்டாமா? ஒரு வழியாக நாணைத் திரும்ப விட்டு வில்லை மேஜையில் வைத்தேன். பையன் வேறொரு வில் எடுக்க ஏணியில் ஏறினான்.

அந்த இடைவெளியில்தான் நம்ம ஆள் மேஜையிலிருந்த ரிலீஸை (நாணைக் கொக்கியால் பிடித்து ட்ரிகரால் விடுகிற கருவி) மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, நாணில் கொக்கியை மாட்டி, அறுபது பவுண்டையும் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டான்.

"அத்தான்! வெயிட்டே இல்ல!"

இருக்காது. சக்கரம் உருண்டதும் குறைகிற பாரத்துக்கு லெட் ஆஃப் என்று பெயர்; அது 80 சதவீதம் என்றால் இழுத்து நிறுத்தியபின் கையில் மிஞ்சுவது 12 பவுண்டு, ஐந்தரைக் கிலோ. முகத்தில் அப்படி ஒரு தேஜஸ். சில விநாடி கழித்து அதே முகத்தோடு கேட்டான்: "இப்ப என்ன பண்ணணும்?"

ஏணியிலிருந்து பையன் அலறினான். "ப்ரோ விட்றாதீங்க! அம்பு இல்ல! விட்றாதீங்க ப்ரோ!"

அம்பு இல்லாமல் நாணை விட்டால் அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டிய விசை அத்தனையும் வில்லுக்கே திரும்பும். வில்லின் கை வெடிக்கும், சக்கரம் வளையும், நாண் அறுந்து மூஞ்சியில் அடித்தாலும் அடிக்கும். ஜனக மகாராஜா சபையில் வில்லை ஒடித்தவருக்குப் பெண் கொடுத்தார்கள். இங்கே பில் கொடுப்பார்கள். அதுவும் என்னிடம்.

விடக் கூடாது, சரி. மெதுவாகத் திருப்பி வைக்கலாமே என்றால், சில அங்குலம் முன்னால் விட்டதுமே 12 பவுண்டு மறுபடி 60 ஆகித் தோளைப் பிடுங்கும். ஒரு தடவை முயன்று பார்த்து, "யம்மா" என்று மறுபடி பின்னால் இழுத்து நின்றுகொண்டான். நிற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதுதான் பிரச்சினையே. லெட் ஆஃப் புண்ணியத்தில் நாளெல்லாம் நிற்கலாம் போலிருந்தது.

கடையிலிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். அம்பை இப்போது மாட்டிவிடலாமா என்றார் ஒருவர். இழுத்த வில்லுக்கு முன்னால் கையை நீட்டுகிற வீரன் யார் என்றார் இன்னொருவர். பையன் ஏணியிலேயே நின்று யோசனை சொன்னான். மச்சானின் ஆள்காட்டி விரல் ட்ரிகர் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. "அந்த ஆலன் கீழ வைக்கிறது எப்படின்னு கண்டுபிடிக்கலையா?" என்று நான் கேட்டதை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டானாம்.

சரியாக அப்போது வீட்டம்மா ஃபோன்.

"என்னங்க, வில்லு எடுத்தாச்சா?"

"உன் தம்பி எடுத்துட்டான். வைக்கத் தெரியாம நிக்கிறான்."

"கீழ வைக்கச் சொல்லுங்க."

"அதுதான் முடியலை."

"ஸ்பீக்கர்ல போடுங்க." போட்டேன். "டேய்! வைடா கீழ!"

சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்ட உடம்பு. விரல் ட்ரிகருக்குப் போய்விட்டது. கடை மொத்தமும் "விடாதே" என்று கத்தியது, நான் ஃபோனையே அணைத்துவிட்டேன். (அதற்கான விசாரணை வீட்டில் தனியாக நடந்தது.)

பின்னால் பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையில் அல்லன் கீ, கையில் நாணுக்குப் பூசுகிற மெழுகு. அவசரமே படவில்லை. "தம்பி, விரலை ட்ரிகருக்குப் பின்னாடி கொண்டு போங்க. வில்லு டார்கெட்டைப் பாத்தே இருக்கட்டும். ம்ம். இப்ப உங்க கையை எனக்குக் கொடுங்க" என்று பின்னால் நின்று மச்சானின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். பிடுங்கும், விடக் கூடாது." நாண் திரும்பியபோது இருவரும் ஒரு அடி முன்னால் போய் நின்றார்கள். வில் பிழைத்தது.

பையனை ஒரு வார்த்தை திட்டவில்லை. பட்டறைக்குள் கூட்டிப்போய் யாரோ அம்பில்லாமல் விட்ட ஒரு வில்லைக் காட்டினார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வில்லின் கை மேல் ஒரு துண்டுப் பஞ்சை வைத்து மெல்ல இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நூலாக நின்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எந்தக் கண்ணு?" என்றார். இரண்டு கண்ணும்தான் என்றேன். கைகளை நீட்டி, விரல்களுக்கு நடுவே முக்கோணமாகச் சின்ன ஓட்டை வைத்து, சுவர்க் கடிகாரத்தை அதற்குள் பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடினேன். கடிகாரம் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடினேன், கடிகாரத்தைக் காணோம். "இடது கண்ணு. நீங்க இடது கையால இழுக்கணும்" என்றார். கிளப்பில் நாணில் இருக்கிற பீப் என்ற ஓட்டை வழியாகப் பார்க்கும்போது எனக்கு டார்கெட் இரண்டாகத் தெரிந்ததையும், மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று வீட்டில் முடிவானதையும் நினைத்துக்கொண்டேன்.

அப்படியென்றால் காலையிலிருந்து நான் தொட்ட எந்த வில்லும் எனக்கானது இல்லை. இடது கை வில் இருக்கிறதா என்று பையனைக் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"வலதுலயே பழகிடும் அங்கிள்."

"பழகாது" என்று பட்டறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பழகினவங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டுச் சமாளிப்பாங்க. இவர் இப்பத்தான ஆரம்பிக்கிறார், ஒழுங்கா ஆரம்பிக்கட்டும்."

ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: இடது, 27, 45 பவுண்டு. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுக்க முடிகிற பாரம்தான் நம் பாரமாம். எனக்கு அது 45இல் நின்றது. இந்தச் சீட்டு நான் போன முதல் கடையிலேயே கிடைத்திருக்க வேண்டியது. ஒரு டேப்பும் ஒரு நாற்காலியும் போதும். ஆனால் டேப்பை எடுத்தால் சுவரில் தொங்குவது விற்காதே.

நான் வெறுங்கையோடு வந்தேன். மச்சான் வில்லோடு வந்தான். யாரும் வாங்கச் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்ததாம். பில் போட்ட பிறகுதான் அது வெறும் வில் என்று தெரிந்தது. சைட், ஸ்கோப், ரெஸ்ட், பீப், ஸ்டெபிலைசர், ரிலீஸ், டி லூப் எல்லாம் தனி. அம்பும் தனி, அதுவும் வில்லின் பாரத்துக்கும் அம்பின் நீளத்துக்கும் ஏற்ற விறைப்பு பார்த்து எடுக்க வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து என் பெண்ணிடம் பாடம் கேட்கிறான். அம்பில்லாமல் நாணைத் தொட்டால் ஒரு வாரம் ரேஞ்சுக்குள் வரக் கூடாது என்று மாமாவுக்குச் சட்டம் போட்டிருக்கிறாள். பயல் அடங்கி நடக்கிறான்.

என் கண் விஷயம் கேட்ட வீட்டம்மா, "இத்தனை வருஷமா எல்லாத்தையும் கோணலாப் பாக்குறீங்கன்னு நான் சொன்னப்ப நம்பலை, கடைக்காரர் சொன்னா நம்புவீங்க" என்றாள். பதில் இல்லை.

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து ஃபோன்.

"அங்கிள், லெஃப்ட் ஹேண்ட் வந்துடுச்சு!"

"27தானே தம்பி?"

"29 அங்கிள். ஆனா கலர் செமயா இருக்கு."

பெரியவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் ஒரு வாரம் லீவாம்.