சில நாள் வரும், சில நாள் வராது

வண்டியில் ஏதோ சத்தம் என்று வருகிறவர்கள் முதலில் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். டக் டக், கீச் கீச், கொர்ர். கேட்டுக்கொள்வேன், பெரிதாக நம்பமாட்டேன். எனக்கு வேண்டியது அது எப்போதெல்லாம் வராமல் இருக்கிறது என்ற விவரம். "வராத நாள்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டால் பலரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவரின் வண்டி, பழைய வகை ஃபோர் வீல் டிரைவ். லீவரைத் தள்ளினால்தான் முன்பக்கத்துக்கு இழுவை போகும், முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டையும் இறங்கிப்போய்க் கையால் திருகி லாக் செய்ய வேண்டும். மெதுவாகப் போகும்போது அடியிலிருந்து கீச் கீச் என்று ஒரு சத்தம். சில நாள் விடாமல் வரும், அப்புறம் வாரக்கணக்கில் பேச்சு மூச்சு இருக்காது. வேறோர் இடத்தில் பின்சக்கர பேரிங், பிரேக் பேட், டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) ஆயில் என்று வரிசையாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றை மாற்றியதும் சத்தம் நின்றது, எல்லோரும் சரியாகிவிட்டது என்று நம்பினார்கள், பிறகு திரும்ப வந்தது. விட்டு விட்டு வரும் சத்தத்தில் இதுதான் தொல்லை, எதை மாற்றினாலும் கொஞ்ச நாளைக்கு அதுதான் காரணம் மாதிரியே இருக்கும்.

எங்களிடம் வந்த அன்றும் சத்தம் வரவில்லை. ஓட்டிப் பார்த்தோம், மேட்டில் ஏற்றினோம், வளைத்துத் திருப்பினோம். ஒன்றும் இல்லை. சரி என்று உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். சேற்றுப் பாதைக்குப் போய்வந்த பிறகுதான் அதிகம் என்றார். சேறு, தண்ணீர் என்று யாருக்கும் புத்தி அந்தப் பக்கம்தான் போகும், பிரேக்கைக் கழற்றியவர்களுக்கும் அப்படித்தான் போயிருக்கும். நான் ஹப்பைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த வாரமும் போவோமேன்னு சில சமயம் லாக்லயே விட்டுடுவேன் சார். ஞாபகம் வந்தா எடுத்துவிடுவேன்" என்றார்.

ஹப் லாக் எடுத்திருந்தால் முன்சக்கரம் தனியாகச் சுற்றும், ஆக்ஸில், முன் டிஃபரன்ஷியல், அதற்கு இழுவையைக் கொண்டுபோகும் நீளத் தண்டான முன்பக்க பிரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா நிற்கும். லாக் போட்டிருந்தால், லீவர் டூ வீலில் இருந்தாலும் சக்கரம் அத்தனையையும் சேர்த்துச் சுற்றவைக்கும். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இரண்டும் இணையாததால் தார் ரோட்டில் வளைக்கும்போது இறுக்கமும் தெரியாது. அதனால் லாக்கில் விட்டுவிட்டோம் என்பதே ஓட்டுகிறவருக்கு உறைக்காது.

இரண்டு ஹப்பையும் லாக் செய்து, ஒரு சுவரை ஒட்டி நடை வேகத்தில் ஓட்டச் சொன்னேன். சுவர் பக்கத்தில் இருந்தால் அடியில் வரும் சத்தம் எதிரொலித்து ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்கும். வந்துவிட்டது. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு கூடவே நடந்து எண்ணினேன். கோடு ஒரு சுற்று வருவதற்குள் நாலு கீச். பிரேக், டயர், சக்கர பேரிங் சமாச்சாரமாக இருந்தால் பெரும்பாலும் சுற்றுக்கு ஒன்றுதான் வர வேண்டும். இந்த வண்டியின் ஆக்ஸில் ரேஷியோ 4.1, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஷாஃப்ட் நாலு முறைக்குக் கொஞ்சம் கூடவே சுற்றும். லாக்கை எடுத்தேன், நின்றது. திரும்பப் போட்டேன், வந்தது. வேகமாக ஓட்டி இதைப் பிடிக்க முடியாது, 2.3 மீட்டர் சுற்றளவுள்ள டயருக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஷாஃப்ட் நொடிக்கு 20 முறை சுற்றும், எந்தக் காது எண்ணும்?

ராம்ப்பில் ஏற்றி, ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிக்கொடுக்கும் யூ ஜாயின்ட்டைப் பிடித்து ஆட்டினால் துளி ஆட்டம் இல்லை. இங்கேதான் பலர் 'ஜாயின்ட் நல்லா இருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். வறண்டுபோன ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஷாஃப்ட்டையே இறக்கி, கையில் வைத்து மடக்கிப் பார்க்க வேண்டும். பெயின்ட்டால் அடையாளம் போட்டு இறக்கினோம். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு மடங்கியது, இன்னொரு பக்கம் படிப்படியாகப் பிடித்துப் பிடித்து மடங்கியது. பூட்டு வளையமான சர்க்ளிப்பை எடுத்து, ஜாயின்ட்டின் நடுவில் கூட்டல் குறி மாதிரி இருக்கும் கிராஸின் நாலு கைகளையும் மூடியிருக்கும் கப்புகளைத் தட்டி வெளியே எடுத்தால், மூன்றில் கிரீஸ் இருந்தது. நாலாவதில் கிரீஸே இல்லை, செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. கப்புக்குள் ஊசி மாதிரி இருக்கும் பேரிங் நீடில்கள் தேய்ந்து மெலிந்திருந்தன, கிராஸின் அந்தக் கையில் நீடில் உட்கார்ந்த இடமெல்லாம் வரி வரியாகப் பள்ளம்.

ஷாஃப்ட் பெரும்பாலும் அசையாமல் நிற்பதால் நீடில்கள் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்திருக்கின்றன. தண்ணீரில் இறங்கும்போது ஈரம் உள்ளே போயிருக்கிறது. கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிளோ, வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கிறது, கிரீஸ் கன் நுழையாது. ஹப் லாக் எடுத்து டூ வீலில் இருந்தால் அந்த ஷாஃப்ட்டைக் கையாலேயே திருப்பி நிப்பிளைக் கீழே கொண்டுவரலாம், ஆனால் அடியில் படுத்திருப்பவர் அதற்கு மெனக்கெட வேண்டுமே. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். அடுத்த சர்வீஸிலும் அதே கதையாக இருந்திருக்கும்.

இரண்டு முனையிலும் புது கிராஸ் போட்டோம், மறுமுனையும் அதே வயசுதானே. நாலு கப்பிலிருந்தும் கிரீஸ் பிதுங்கும்வரை அடித்து, போட்ட அடையாளம் ஒன்றாகச் சேரும்படி ஷாஃப்ட்டை மாட்டினோம்.

இனிமேல் ஹப்பை லாக் செய்யவே கூடாதா என்று கேட்டார். மாறாக, தேவை இல்லாவிட்டாலும் அவ்வப்போது லாக் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னேன், உள்ளே இருக்கும் கிரீஸும் முன் டிஃபரன்ஷியல் ஆயிலும் நகரட்டும். கிளம்பும்போது ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் போட்டால் அடியில் 'டங்' என்று ஒன்று கேட்கிறதே, அது என்ன என்றார். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் மூன்றிலும் பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளி சேர்ந்து வரும் சத்தம் அது, வண்டி புதிதாக இருந்தபோதே கொஞ்சம் இருந்திருக்கும். "அதுக்கு எப்ப வரட்டும்?" என்றார். அது பெரிதாகும்வரை வரவேண்டாம் என்றேன்.