எந்த நாரை என்பதை விரல் சொல்லட்டும்: காட்டுயிர்ப் படங்களுக்கான ஃபோகஸ், பொத்தான் அமைப்புகள்

புதிதாக வாங்கிய கேமராவில் இருக்கும் அமைப்புகள் எல்லோரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பிறந்தநாள் விழா, கோயில் கோபுரம், ஓடி விளையாடும் குழந்தை என எதற்கும் ஓரளவு பொருந்தவேண்டும் என்பதால், எதை ஃபோகஸ் செய்வது, எப்போது செய்வது, எந்தக் கணத்தில் படமெடுப்பது ஆகிய மூன்றையும் ஷட்டர் பொத்தானின் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். காட்டுயிர்ப் படம் எடுப்பவருக்கு இந்த ஏற்பாடு போதாது. ஒரே மரத்தில் நாற்பது நாரைகள் அமர்ந்திருக்கும்போது அவற்றுள் எது வேண்டும் என்பது படமெடுப்பவருக்கு மட்டுமே தெரியும். அந்த நாரை பறக்கத் தொடங்கியபின் வினாடிக்குப் பலமுறை அதன் தொலைவைக் கணித்து லென்ஸை நகர்த்துவதோ மனிதக் கையால் ஆகாத காரியம். எந்த உயிர் என்பதை நான் சொல்லவேண்டும், சொன்னபின் அதைப் பற்றிக்கொண்டு போவது கேமராவின் பொறுப்பு என்ற பிரிவினையை ஒட்டியே என் கேமராவின் பொத்தான்களை மாற்றி வைத்திருக்கிறேன்.

நான் பயன்படுத்துவது நிக்கான் இசட்8 கேமராவும் 180-600 மி.மீ. லென்ஸும். கேனான், சோனி கேமராக்களிலும் இவற்றுக்கு நிகரான வசதிகள் வேறு பெயர்களில் இருக்கின்றன. வேறுபாடு முக்கியமான இடங்களில் மட்டும் அவற்றைக் குறிப்பிடுகிறேன்.

முதலில் செய்யவேண்டியது, ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்து, பின்பக்கம் கட்டைவிரல் படும் ஏஎஃப்-ஆன் (ஏஎஃப் என்பது ஆட்டோஃபோகஸ்) பொத்தானுக்கு மாற்றுவது. இது புதிய யோசனையன்று. 1989இல் வெளிவந்த கேனான் இஓஎஸ் 630 ஃபிலிம் கேமராவிலேயே இந்த வசதி இருந்தது. கேமராவை எப்போதும் தொடர் ஃபோகஸ் நிலையில் வைத்துவிட்டால், கட்டைவிரல் அழுந்தியிருக்கும்வரை ஃபோகஸ் தொடரும், விரலை எடுத்தவுடன் அந்த இடத்திலேயே நிற்கும். அமர்ந்திருக்கும் பறவைக்கு ஒரு முறை, பறக்கும் பறவைக்கு வேறொரு முறை என்று மெனுவில் மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

உயிரின் கண்ணைத் தானே கண்டறிந்து தொடரும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் வந்தபின் இந்தப் பழக்கம் தேவையற்றதாகிவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. ஷட்டரை அழுத்தினாலே கேமரா கண்ணைப் பிடித்துக்கொள்கிறதே, கட்டைவிரலுக்கு ஏன் வேலை என்று அவர்கள் கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று ஏஎஃப்-ஆன் பொத்தானின் பயன் வேறு. ஃபோகஸ் கட்டைவிரலுக்கு வந்துவிட்டால், அந்த விரல் எட்டும் தொலைவில் இருக்கும் மற்றப் பொத்தான்களுக்கும் வெவ்வேறு வகை ஃபோகஸைக் கொடுக்கலாம். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த வகையில் கேமரா பார்க்கும். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவேண்டியதில்லை. நிக்கானில் இதற்கு ‘ஏஎஃப்-ஏரியா மோட் + ஏஎஃப்-ஆன்’ என்று பெயர். காட்டுயிர்ப் படங்களுக்கு அந்த மெனுவிலேயே மிகப் பயனுள்ள வரி அதுதான் என்பேன்.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் நின்று பார்த்தால், நீருக்குள் நிற்கும் மரங்களின் உச்சியில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும். முழுச் சட்டகத்தையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ ஏரியாவில், பறவையைக் கண்டறியும் வசதியையும் இயக்கிவிட்டு இந்த மரத்தை நோக்கினால், சதுரக் குறி ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கேமராவைக் குறை சொல்லமுடியாது. அது கண்டறிந்தவை எல்லாம் பறவைகளின் கண்களே. நான் எடுக்க விரும்புவதோ, குஞ்சுக்கு மீனைக் கக்கிக் கொடுக்கக் குனியும் ஒரே ஒரு தாய் நாரையை.

ஆகவே ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு வைட் ஏரியா சி1 என்ற வகையைக் கொடுத்திருக்கிறேன். கேமரா ஃபோகஸுக்காகப் பார்க்கும் பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் இதில் நாமே வரையறுக்கலாம். என் பெட்டி சட்டகத்தின் நடுவில், ஒரு நாரையின் தலையும் கழுத்தும் அடங்கும் அளவுக்கு இருக்கிறது. பறவையைக் கண்டறியும் வசதி அந்தப் பெட்டிக்குள் மட்டுமே வேலை செய்யும், வெளியே எத்தனை கண்கள் இருந்தாலும் கேமரா பொருட்படுத்தாது. பெட்டியை நாரையின் தலைமீது வைத்து அழுத்தியவுடன் கண்ணில் குறி விழுகிறது. அடுத்ததாகக் கட்டைவிரலைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தி, ஜாய்ஸ்டிக்கின் நடுவை அழுத்துகிறேன். அங்கே 3டி டிராக்கிங் இருக்கிறது. பெட்டி எந்த நாரையைப் பிடித்திருந்ததோ அதே நாரையை டிராக்கிங் வாங்கிக்கொள்கிறது. அதன்பின் பறவை எழுந்து சட்டகத்தின் ஓரத்துக்குப் போனாலும் குறி அதன் பின்னாலேயே போகும். முன்பெல்லாம் ஓடுகிற பறவையை நடுப்புள்ளியிலேயே வைத்திருக்கப் பட்ட பாடு இதில் இல்லை, படத்தில் பறவைக்கு முன்னால் இடம் விட்டு அமைக்கவும் முடிகிறது.

மூன்றாவது பொத்தான் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கு அருகில், மோதிர விரல் படும் எஃப்என்1. அதில் இருப்பது ஒற்றைப் புள்ளி. இந்தக் கேமராவில் ஒற்றைப் புள்ளியிலும், சுற்றியுள்ள புள்ளிகளையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளும் டைனமிக் வகைகளிலும் உயிரைக் கண்டறியும் வசதி வேலை செய்யாது என்பது குறையாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. வால்பாறையில் இலைகளின் இடைவெளியில் முகம் மட்டும் தெரியும்படி அமர்ந்திருக்கும் கருமந்தியை நோக்கும்போது, கருத்த முகத்தில் கருத்த கண்ணைத் தேடிக் கேமரா தடுமாறிவிட்டு, வெளிச்சம் விழுந்த முன்னாலுள்ள இலைக்குப் போய்விடும். அத்தகைய நேரத்தில் கேமராவின் அறிவை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தப் புள்ளியில் இருப்பதை மட்டும் பார் என்று சொல்ல ஒரு வழி வேண்டும்.

கண்டறியவேண்டிய உயிர் எது என்ற தெரிவையும் ‘ஆட்டோ’வில் விடுவதில்லை. இசட்8இல் பறவைக்கெனத் தனித் தெரிவு 2024இல் வந்த 2.00 ஃபர்ம்வேரில்தான் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) சேர்ந்தது. இன்னும் பழைய ஃபர்ம்வேரில் இருப்பவர்கள் முதல் வேலையாக அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஏரிக்குப் போனால் பறவை, காட்டுக்குள் போனால் விலங்கு.

அடுத்து, பலரும் தொடத் தயங்கும் பகுதி. ஃபோகஸ் பிடித்த உயிருக்கும் கேமராவுக்கும் நடுவே வேறொன்று குறுக்கிட்டால், எவ்வளவு நேரம் பொறுத்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்பு அது. நிக்கானில் 1 முதல் 5 வரை. 1 என்றால் உடனே தாவும், 5 என்றால் பொறுத்திருக்கும். சோனியில் 1 என்பது விடாப்பிடி, 5 என்பது உடனடித் தாவல், அதாவது நேர்மாறு. கேனானில் கழித்தல் 2 விடாப்பிடி, கூட்டல் 2 தாவல். கேமரா மாற்றியவர்கள் இந்த இடத்தில் குழம்புவது இயல்பு.

காட்டுயிருக்குப் பொறுமைதான் நல்லது என்று எண்ணி 5இல் வைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நாணலுக்குப் பின்னால் நடந்துபோகும் நீலத் தாழைக்கோழிக்கு அது சரி. ஆனால் பொறுமைக்கு நல்லது கெட்டது தெரியாது. பள்ளிக்கரணையில் நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறக்கும் மீசை ஆலாவை நோக்கும்போது, பறவை ஒரு கணம் பெட்டிக்கு வெளியே போய்விட்டால் ஃபோகஸ் பின்னாலுள்ள கோரைக்கு ஓடிவிடும். 5இல் வைத்திருந்தால் பறவை திரும்பிவந்தபின்னும் கேமரா அந்தக் கோரையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பறவையிடம் காட்டவேண்டிய விசுவாசத்தை அது பின்னணியிடம் காட்டுகிறது. திறந்த வெளியில் பறப்பவற்றுக்கு நான் 2 அல்லது 3இல் வைப்பது இதனால்தான். இதே மெனுவில் உயிரின் அசைவு சீரானதா, ஒழுங்கற்றதா என்றொரு தெரிவும் உண்டு. கூழைக்கடா சீரானது, அந்தரத்தில் சிறகடித்து நின்று, திடீரெனத் தலைகுப்புற நீரில் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒழுங்கற்றது.

பின்னணிக்கு ஓடிவிட்ட ஃபோகஸை மீட்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். எவ்வளவு நல்ல மிரர்லெஸ் கேமராவானாலும், அருகிலுள்ள பறவை முற்றிலும் மங்கிப்போன நிலையில் அதைத் தானாகக் கண்டுகொள்ளத் திணறும். ஏஎஃப்-ஆனை எத்தனை முறை அழுத்தினாலும் பின்னணியிலேயே நிற்கும். கைக்கு மிக அருகிலிருக்கும் தீர்வு, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் அருகே திருப்பிவிட்டு மீண்டும் அழுத்துவது. இசட்8இல் ஒரு தொலைவை நினைவில் வைத்து, வேறொரு பொத்தானால் அங்கே திரும்பும் வசதியும் இருக்கிறது. மீன்கொத்தி மீண்டும் மீண்டும் வந்து உட்காரும் கம்பு ஒன்று தெரிந்துவிட்டால், அந்தத் தொலைவைப் பதிந்துவிட்டு, திரும்பும் வேலையை லென்ஸின் மேல் இடக்கை படும் பொத்தானுக்குக் கொடுத்துவிடுகிறேன். இதோடு லென்ஸின் பக்கவாட்டில் உள்ள, ஃபோகஸ் தேடும் தொலைவைச் சுருக்கும் எல்லைக் குறைப்பானையும் கவனிக்கவேண்டும். என் லென்ஸில் அதை 6 மீட்டருக்கு அப்பால் என்று தள்ளிவைத்தால், கரையோர நாணலுக்கெல்லாம் ஃபோகஸ் வந்து போவது நின்றுவிடும். தோட்டத்துத் தேன்சிட்டை எடுக்கும்போது அதைத் திரும்ப முழு எல்லைக்குக் கொண்டுவர மறக்கக்கூடாது.

ஃபோகஸுக்கு அடுத்தபடியாக அவசரமானது ஷட்டர் வேகம். முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறை வண்டியில் போகும்போது, மர நிழலில் நிற்கும் காட்டுமாட்டுக்கு 1/320 வினாடி போதும், ஐஎஸ்ஓவும் (ஒளியுணர்திறன்) கட்டுக்குள் இருக்கும். அதே சாலையை ஒரு செந்நாய் குறுக்கே கடந்தால் 1/2000 வேண்டும். கேமராவின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தால் செந்நாய் காத்திருக்காது. அழுத்தியிருக்கும்வரை மட்டும் வேறொரு அமைப்புக்குப் போய், விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும் வசதியை எஃப்என்2 பொத்தானில் வைத்திருக்கிறேன். அதில் 1/2500, ஆட்டோ ஐஎஸ்ஓ இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சோனியில் இதற்கு நிகரானது ‘ரீகால் கஸ்டம் ஹோல்ட்’. கேனான்காரர்கள் பெரும்பாலும் அமைப்புகளை மொத்தமாகச் சேமித்துவைக்கும் சி1, சி2, சி3 நிலைகளைப் பயன்படுத்துகிறார்கள். நிக்கானில் அதே வேலைக்கென ஏ முதல் டி வரையுள்ள மெனு வங்கிகளை நம்பிப் பயனில்லை என்பது என் கருத்து. இடையில் நாம் செய்யும் மாற்றங்கள் எல்லாம் அந்த வங்கியிலேயே பதிந்துவிடுவதால், அடுத்த முறை திறக்கும்போது நாம் சேமித்துவைத்த பழைய நிலை அங்கே இருக்காது.

ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முன்னால் நடந்ததையும் பதியும் வசதி பற்றி ஒரு சொல். வெண்மார்பு மீன்கொத்தி கம்பை விட்டுப் பாயும் கணம் மனிதரின் எதிர்வினை வேகத்தைவிட விரைவானது. இசட்8இல் ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், முழுதாக அழுத்தும்போது அதற்கு முந்தைய 1 வினாடி வரையிலான படங்களும் கிடைக்கும், ஆனால் ஜேபெக்கில் மட்டும். கேனான் ஆர்7 அரை வினாடி முந்தைய படங்களை ரா (RAW) கோப்பாகவே, அதாவது சுருக்கிப் பதப்படுத்தாத நிலையிலேயே தருகிறது. ஷட்டரின் பாதி அழுத்தத்துக்கு ஃபோகஸ் வேலை இல்லாதிருப்பது இங்கே கூடுதல் வசதி: ஆள்காட்டி விரல் பதிவை ஓட்டிக்கொண்டிருக்க, கட்டைவிரல் மீன்கொத்தியின் கண்ணைத் தனியே பார்த்துக்கொள்ளும். பேட்டரி வேகமாகக் கரையும், கையில் மாற்று பேட்டரி இருக்கட்டும்.

இத்தனை பொத்தான்களும் விரலுக்குப் பழகுவதற்கு மொட்டைமாடிக் காகத்தைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. கருப்பு இறகுக்குள் கருப்புக் கண், திடீர்ப் பறத்தல், பின்னணியில் கேபிள் கம்பியும் தண்ணீர்த் தொட்டியும் என எல்லாச் சிக்கலும் அங்கேயே கிடைக்கும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் பெட்டியிலிருந்து டிராக்கிங்குக்கும், அங்கிருந்து ஒற்றைப் புள்ளிக்கும் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். எந்த இடத்தில் விரல் தேடித் தயங்குகிறதோ அந்தப் பொத்தானை இடம் மாற்றுங்கள். என் விரலுக்குப் பொருந்தியது உங்கள் கையின் அளவுக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. எஃப்என்1 எட்டவில்லை என்றால் ஒற்றைப் புள்ளியை லென்ஸ் பொத்தானுக்குக் கொண்டுபோய்விட்டு, தொலைவு நினைவை எஃப்என்1க்கு மாற்றலாம்.

எல்லாம் அமைந்தபின் மெனு அமைப்புகளை மெமரி கார்டில் கோப்பாகச் சேமித்து, அதைக் கணினியிலும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். கேமராவை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறும்போது பொத்தான்கள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கலாம். கோப்பு இருந்தால் ஒரு நிமிடத்தில் மீட்டுக்கொள்ளலாம். கார்டை ஃபார்மேட் செய்தால் அந்தக் கோப்பும் போய்விடும் என்பதால், எடுத்த பிரதி கணினியில் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள்.