ஓட்டில்லாத தொகுதிக்கு ஒரு கடிதம்

எங்களிடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டுத் தொண்டர்களிடமிருந்து எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி ஒரே மாதிரி மின்னஞ்சல் வரும். "அக்கா, எப்படி இருக்கீங்க? அங்க மழையா?" என்று தட்டுத்தடுமாறிய தமிழில் தொடங்கும். இரண்டாவது பத்தியில் விஷயம் வெளியே வந்துவிடும். பட்ஜெட்டில் எங்கள் திட்டத்தில் கை வைக்கப் பார்க்கிறார்கள், தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்க்கப் போகிறோம், உங்களிடமிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா?

கடலூர் கடலோரக் கிராமங்களில் பால்வாடியும் மாலை வகுப்பும் நடத்தும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். வீடு புதுச்சேரியில். காலையில் பஸ் ஏறி, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டிப் போய் இறங்கினால் சாயங்காலம்தான் திரும்புவேன். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் வெளிநாட்டு முகங்கள் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப் போட்டபோதும் சிலர் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். நான் சொல்லப்போவது அவர்களைப் பற்றி அல்ல. ஒரு வருஷம் தங்கி வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகளைப் பற்றி.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியின் 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டத்தில் வருபவர்கள். அந்த நாட்டின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் 2008இல் தொடங்கியது. வயது 18 முதல் 28 வரை. செலவில் 75 சதவீதம் வரை அரசு கொடுக்கும். மீதியை அனுப்பிவைக்கும் அமைப்பு நன்கொடையாகத் திரட்டிக்கொள்ளும். ஆக, அரசு பணத்தை நிறுத்தினால் திட்டம் படுத்துவிடும். அதனால்தான் போய்வந்தவர்கள் பட்ஜெட் காலம் வந்தாலே பரபரப்பாகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொள்வது லேசான வேலை இல்லை. விசாவில் எங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். வந்து 24 மணி நேரத்துக்குள், எங்களிடம் தங்குகிறார்கள் என்று தெரிவிக்கும் படிவத்தை ஏற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு. அதில் ஒரு எழுத்து மாறினால் எஸ்.பி. ஆபீஸுக்கு நடை. அப்புறம் வயிற்றுப்போக்கு, வீட்டு ஞாபகம், "கடற்கரையில் இப்படி உடுத்தாதேம்மா" என்ற பேச்சு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வருகிறவளுக்கு எங்களுக்குக் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது என்று எங்கள் ஆயா நேராகவே கேட்பார். நியாயமான கேள்வி.

ஆனால் அலுவலகத்தில் பழைய காலத்திலிருந்து இருந்த மாதிரிக் கடிதத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. 'இவரது தன்னலமற்ற சேவையால் எங்கள் கிராமத்தில் பெரும் மாற்றம் ஏற்பட்டது' என்று கல்யாணப் பத்திரிகை வாசகம் போல ஒன்று. பெயரை மட்டும் மாற்றினால் போதும். எந்த எம்.பி. அதைப் படிப்பார்? அவருடைய உதவியாளர்கூட படிக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வேலையைச் செய்ய வேண்டிய விதத்தை எனக்கு விளக்கியவர் ஒரு அமெரிக்கப் பெரியவர். ஜனவரி மாதம் ஒன்றில் மனைவியோடு புதுச்சேரிக்கு வந்திருந்தார். 1960களின் கடைசியில் அன்றைய மதராஸ் மாநிலத்தில் கோழி வளர்ப்புத் திட்டத்தில் இருந்தவர்; அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் 'பீஸ் கோர்' அமைப்பின் தொண்டர். தெரிந்தவர் ஒருவர் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "சாப்டாச்சா?" என்று கேட்கும் அளவுக்குத் தமிழ் மிச்சமிருந்தது. பீஸ் கோர் 1961இல் இந்தியாவுக்கு வந்தது, 1976இல் போய்விட்டது. அதற்குப் பிறகு இங்கே யாரையும் அனுப்பவில்லை. ஆனாலும் இந்த மனிதர் ஆண்டுதோறும் தன் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், அந்தத் திட்டத்துக்குப் பணத்தைக் குறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறார். தனக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை, அதனால்தான் தன் பேச்சுக்கு மதிப்பு என்றார்.

அவர் சொன்ன கதையில் எனக்குப் பிடித்தது திட்டத்தின் பிறப்பே. 1960 அக்டோபர் 14, அதிகாலை 2 மணி. அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற கென்னடி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் களைப்போடு வந்து இறங்குகிறார். உங்களில் எத்தனை பேர் வெளிநாட்டில் போய் வேலை செய்யத் தயார் என்று மாணவர்களிடம் கேட்கிறார். சில நிமிடப் பேச்சு. மாணவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஏறத்தாழ ஆயிரம் கையெழுத்து வாங்கி அவரிடம் சேர்த்தார்கள். மறு வருஷம் மார்ச் 1 அன்று திட்டத்தைத் தொடங்கும் உத்தரவு வந்தது. அதே செப்டம்பரில் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்திலேயே மூன்று நோக்கங்கள். மூன்றாவது, போய்வந்தவர்கள் பிற நாட்டு மக்களைப் பற்றித் தம் ஊராருக்குப் புரியவைக்க வேண்டும் என்பது. திரும்பிவந்து பேசுவதும் வேலையின் ஒரு பகுதி என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

இதுவரை 2,40,000க்கும் மேற்பட்டவர்கள் போய்வந்திருக்கிறார்கள். எந்தத் தொகுதியில் தேடினாலும் ஒருவராவது கிடைப்பார். அவர்களுடைய பலமே அதுதான். 2019இல் பீஸ் கோருக்கான நிதியை அடியோடு நிறுத்தச் சொல்லிப் பிரதிநிதிகள் சபையில் ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 110, எதிர்ப்பு 315. தோற்றுப்போனது. இதற்கு முன்னாள் தொண்டர்கள் மட்டுமே காரணம் என்று பெரியவர் சொல்லவில்லை. கட்சி பேதமில்லாமல் ஆட்களைப் பழக்கி வைத்திருந்தோம் என்றார்.

சந்திப்புக்கு அவர் சொன்ன முறை எளிமையானது. தொகுதிக்காரர் ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும். கையில் ஒரு தாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. முடிந்ததும் உதவியாளரின் பெயரைக் குறித்துவந்து நன்றிக் கடிதம் போட வேண்டும். அடுத்த முறை கதவைத் திறக்கிறவர் அவர்தானே.

இன்னொன்றும் சொன்னார். புகழ் மட்டும் பாடினால் நம்பமாட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் கேட் பூசி என்ற தொண்டர் 2009இல் கொல்லப்பட்டார். பள்ளி மாணவிகளிடம் தவறாக நடப்பதாகச் சந்தேகப்பட்ட ஒருவரைப் பற்றி அவர் மேலிடத்துக்குத் தெரிவித்திருந்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான முன்னாள் தொண்டர்களும் வாய் திறந்தார்கள். 2011இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பூசியின் பெயரிலேயே தொண்டர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. திட்டத்தை நேசிப்பவர்களே அதன் குறையையும் கொண்டுபோய்ச் சபையில் வைத்தார்கள். அதற்காகத் திட்டம் அழிந்துவிடவில்லை.

நான் இப்போது எழுதும் கடிதங்கள் இந்தப் பேச்சுக்குப் பிறகு மாறியவை. ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பால்வாடியில் இருந்த ஒரு பெண். முதல் சில மாதங்கள் அவளால் ஒன்றும் முடியவில்லை, தமிழ் தெரியாது. ஆயாதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். முட்டை நாளில் உட்கார்ந்து முட்டை உரிப்பாள். பிள்ளைகள் பையை மாற்றி மாற்றி எடுத்து அடித்துக்கொள்வதை அவள் கவனித்தாள். பை மாட்டும் ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு படம் வரைந்தாள். நண்டு, படகு, லாரி, தோசைக்கல். எது வேண்டும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். சண்டை நின்றது. புதுப் பிள்ளை சேர்ந்தால் இன்றைக்கும் ஆயா சாக்பீஸால் ஒன்று வரைந்துவிடுகிறார். இதைத்தான் எழுதினேன். ஒரு வருஷத்தில் நடந்த பெரிய வேலை இதுதான் என்றும் எழுதினேன்.

அவள் அந்தத் தாளோடு எம்.பி.யின் தொகுதி அலுவலகத்துக்குப் போனாள். அவர் எடுத்த எடுப்பில், பதினெட்டு வயசுப் பிள்ளைகள் ஊர் சுற்ற வரிப்பணம் எதற்கு என்று கேட்டாராம். இவள் கடிதத்தைக் கொடுத்தாள். படித்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதானா?" என்றாராம். "ஆமாம், ஆனால் நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேளுங்கள்" என்றிருக்கிறாள். அகதிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறாள். மொழி தெரியாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் பேச்சு முழுக்க அந்தப் பள்ளியைப் பற்றி. எங்கள் கிராமம் அதோடு காணாமல் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், எங்கள் மீனவர்களிடம் அவருக்கு என்ன வேலை?

எரிச்சல் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் ஆபத்தில் இருக்கும்போது மட்டும் எங்கள் கடிதம் தேவைப்படுகிறது. திட்டம் நன்றாக ஓடும் வருஷங்களில், எத்தனை பேரை அனுப்பட்டும், எந்த மாதம் அனுப்பட்டும் என்று எங்களை யாரும் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எல்லாத் தொண்டர்களையும் அவசரமாகத் திரும்ப அழைத்தார்கள். சரிதான், வேறு வழி இல்லை. ஆனால் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் போன அக்காவைப் பற்றி மாசக்கணக்கில் பதில் சொன்னது நாங்கள்தான். இதையும் கடிதத்தில் எழுதுகிறேன். முன்னாள் தொண்டர்களில் சிலர் அந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். மாட்டேன் என்பேன். வேண்டாமென்றால் கடிதத்தையே விட்டுவிடு, பாதியாகக் கொடுக்காதே.

அப்படிப் பேசியதற்குப் பலனும் உண்டு. போக்குவரத்து ஒருவழியாகவே இருக்கிறதே என்று பல நாட்டுக் கூட்டாளி அமைப்புகளும் திரும்பியவர்களும் சேர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2013இல் நம் பிள்ளைகளும் ஜெர்மனிக்குப் போகும் பிரிவு தொடங்கியது. எங்கள் மாலை வகுப்பில் படித்த தம்பி ஒருவன் அப்படிப் போய் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில், வயசானவர்கள் ரேஷன் கடையில் நிற்கிற இடத்தில் உட்கார ஒரு திண்ணையும் நிழலும் வேண்டும் என்று மனு கொடுத்தான். ஒரே தாள், ஒரே கோரிக்கை. கூட வந்தவர்கள் எல்லாரும் அந்த வார்டு பாட்டிகள். தீர்மானம் போட்டார்கள், நிதி வரவில்லை. அக்டோபர் 2 கூட்டத்தில் பழைய தீர்மானத்தின் எண்ணைச் சொல்லி மறுபடி எழுந்தான். "நீ எந்தக் கட்சிடா?" என்று ஒருவர் கேட்டாராம். கூரைக்கு மட்டும் இப்போது ஷீட் போட்டிருக்கிறார்கள். திண்ணைக்காக நவம்பர் கூட்டத்துக்கும் போவானாம், போன வாரம் வந்து பழைய மனுவை எங்கள் ஜெராக்ஸ் மெஷினில் நகல் எடுத்துக்கொண்டு போனான்.