பிஹெச் 3.60: கடைசிச் சுழியை ஏன் விடக்கூடாது

ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2.5 × 10⁻⁴ மோலார். அதன் லாக்கை (பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை) எடுத்துக் குறியை மாற்றினால் வருவதுதான் பிஹெச், அமிலத்தன்மையின் அளவு. இங்கே அது என்ன? கால்குலேட்டர் 3.60206 என்று காட்டும். தரவில் முக்கிய எண்ணுருக்கள், அதாவது அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்கள், இரண்டுதானே என்று பலர் 3.6 என எழுதிவிடுகிறார்கள். பெருக்கல், வகுத்தலுக்கு அந்த விதி சரி, லாக்குக்குச் செல்லாது. சரியான விடை 3.60.

லாக் 2.5 என்பது 0.39794. அதோடு −4 சேர்கிறது. அந்த 4 பத்தின் அடுக்கிலிருந்து வந்தது. புள்ளி எங்கே என்பதை மட்டும் சொல்லும். அளந்து கிடைத்த 2.5 முழுக்கத் தசமப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் எண்ணில் எத்தனை முக்கிய எண்ணுருக்களோ, லாக்கில் புள்ளிக்குப் பின் அத்தனை இலக்கங்கள். போட்டுப் பாருங்கள்: 2.5 என்றால் 2.45 முதல் 2.55 வரை இருக்கலாம். பிஹெச் 3.61 முதல் 3.59 வரை போகும். இரண்டாம் தசம இலக்கமே ஆடும்போது மூன்றாவதை எழுதி என்ன பயன்? இதே கணக்கில் 0.010 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 2.00, வெறும் 2 அல்ல.

ஆன்டிலாக்கில், அதாவது பிஹெச்சிலிருந்து செறிவுக்குத் திரும்பும்போது, இது தலைகீழ். பிஹெச் 10.25-இல் நான்கு இலக்கங்கள் இருக்கிறதே என்று 5.623 × 10⁻¹¹ எழுதக்கூடாது, 5.6 × 10⁻¹¹. பிஹெச் 7.4 என்றால் 4 × 10⁻⁸, அவ்வளவுதான். பிஹெச் மீட்டர் 0.01 தள்ளிக் காட்டினாலே செறிவு சுமார் 2.3 சதவீதம் மாறிவிடும்.

லாக் டேபிள் பார்ப்பவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குவார்கள். லாக் மதிப்பு 'பார் 4 புள்ளி 3979' என்று வரும் (பார் என்பது 4-இன் தலைமேல் போடும் கோடு). பார் 4-க்கு மட்டும்தான் கழித்தல் குறி, 0.3979 நேர் எண். ஆக பிஹெச் 4 − 0.3979 = 3.6021. இதை 4.3979 என்று எழுதினால் செறிவு ஆறு மடங்குக்கு மேல் குறைந்துபோகும்.

முதல்வகை வினையின் (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் வினை) வேக மாறிலிதான் உண்மையில் கவனம் தேவைப்படும் இடம். செறிவு விகிதத்தின் லாக்கை 2.303-ஆல் பெருக்கி நேரத்தால் வகுத்தால் அந்த மாறிலி கிடைக்கும். 10.0 நிமிடத்தில் தொடக்கச் செறிவுக்கும் மீதிச் செறிவுக்கும் உள்ள விகிதம் 1.05 என்று வையுங்கள். லாக் 0.02119, விதிப்படி 0.021, அதாவது இரண்டே எண்ணுருக்கள். விகிதத்தில் அரை சதவீதப் பிழை, லாக்கில் பத்து சதவீதமாகிவிடுகிறது! இடையிலேயே 0.021 எனச் சுருக்கினால் மாறிலி 4.8 × 10⁻³ வரும். முழு எண்ணையும் வைத்துக் கடைசியில் சுருக்கினால் நிமிடத்துக்கு 4.9 × 10⁻³. பின்னதுதான் சரி. சோதனையிலேயே விகிதம் 2.00 ஆகும்வரை, அதாவது பாதி வினை முடியும்வரை, பொறுத்து அளந்தால் லாக் 0.301; மூன்று எண்ணுருக்களும் சேதமில்லாமல் கிடைக்கும்.