ஐந்து கட்டையும் ஐந்து பீரியடும்

நவம்பர் 3, திங்கள்

பாடிப் பழக, தம்புரா ஆப்பை என் சுருதியான ஐந்து கட்டையில் வைத்து உட்கார்ந்தேன். மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்குப் போனால் அங்கே குரலே இல்லை, வெறும் காற்று. காலையிலிருந்து ஐந்து பீரியட் கணக்கு எடுத்த தொண்டை. நாலரைக்கு இறக்கினேன், அங்கேயும் அதே காற்றுதான். ஆப்பை அணைத்துவிட்டுத் திருத்த வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பாடவில்லை.

நவம்பர் 5, புதன்

இன்று என் பாடத்தை நானே ஃபோனில் பதிவு செய்து, வீட்டில் தம்புராவோடு சேர்த்து ஓடவிட்டேன். "பக்கத்தைத் திருப்புங்க" என்பது சுத்தமாகப் பஞ்சமத்தில், 'ப'வில் நிற்கிறது. கடைசி பெஞ்சை அதட்டும்போது மேல் ஷட்ஜத்தையே உரசுகிறேன். சாயங்காலம் எட்டாத ஸ்வரத்தில் பகலெல்லாம் குடியிருந்திருக்கிறேன்!

கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? என் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 196 அதிர்வு; பஞ்சமம் 294. பீரியடுக்கு 20 நிமிடம் பேசினாலும் ஐந்து பீரியடுக்கு 6000 விநாடி. பஞ்சமத்திலேயே பேசினால் குரல் நாண்கள் 17 லட்சத்துச் சொச்சம் தடவை அதிரும். மூச்சுவிடும் இடங்களைக் கழித்துப் பாதியாக்கினாலும் எட்டரை லட்சத்துக்கு மேல். அதற்கப்புறம் 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகாரம் வா என்றால் எங்கிருந்து வரும்?

நவம்பர் 7, வெள்ளி

சத்தமான இடத்தில் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதிவைத்திருக்கிறார், லொம்பார் விளைவு என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆக, வகுப்பு கத்தும்போது நானும் சேர்ந்து கத்துவதில் அர்த்தமில்லை. இன்று வாயைத் திறக்காமல் மிஸ்ர சாப்பு தாளம் தட்டினேன், மூன்றும் நாலுமாக ஏழு. பிள்ளைகளும் தட்டினார்கள். ஏழில் முடிக்கத் தெரியாமல் எட்டாவதாக ஒன்று போட்டுவிட்டு அவர்களே சிரித்தார்கள். அமைதி வந்ததா என்று கேட்காதீர்கள். என் தொண்டை பிழைத்தது.

நவம்பர் 10, திங்கள்

காலை 5.20. எழுந்ததும் குரல் கனமாக இருக்கிறது, மேலே ஏறாது. ஆனால் மந்தர பஞ்சமம், கீழ் ஸ்தாயியின் 'ப', சம்மணம் போட்டு உட்காருகிறது. சரி, காலையில் இருபது நிமிடம் மந்தர ஸ்தாயி மட்டும். சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு பைரவி ராகத்தில், அடதாளத்தில் அமைந்த வர்ணம், கையில் தாளம், மனசில் ஸ்வரம். இதைச் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மீட்டிங் முடிந்து வர இருட்டிவிட்டது. மனசுக்குள் வர்ணம். சரணத்தின் மூன்றாவது ஸ்வர வரிசையில், இரண்டாம் காலத்தில் (இரட்டிப்பு வேகத்தில்), எப்போதும் தடுக்குகிற அதே இடத்தில் இன்றும் தடுக்கியது. குரலே கொடுக்காதபோது எப்படித் தடுக்கும்?

கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தாளம் போட்டேன். லகு என்றால் ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும், திருதம் என்றால் ஒரு தட்டும் ஒரு வீச்சும். அடதாளத்தில் இரண்டு லகுவுக்கும் ஐந்தைந்து, இரண்டு திருதத்துக்கும் இரண்டிரண்டு, மொத்தம் 14. இரண்டாவது லகுவில் தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் வரை எண்ணிவிட்டு நேராகத் திருதத்துக்குத் தாவுகிறேன். ஆள்காட்டி விரல் அம்போ! ஆதிதாளத்தில் பழகிய கை, நாலோடு லகு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. பதின்மூன்றில் ஆவர்த்தனத்தை, தாளத்தின் ஒரு சுற்றை, முடித்துவிட்டு, மூச்சு போதவில்லை என்று இத்தனை மாதம் தொண்டையைத் திட்டியிருக்கிறேன். கூட்டலில் ஒன்றை விட்டதற்குப் பிள்ளைகளுக்கு நான் எத்தனை மார்க் குறைத்திருப்பேன்!

நவம்பர் 15, சனி

லீவு. தொண்டை தெளிவு. வாய்விட்டுப் பாடினேன். முதல் தடவை ஆள்காட்டி விரலை வேண்டுமென்றே அழுத்தி மடக்கினேன், ஸ்வரம் எடுப்பில், வரி தொடங்கும் இடத்தில், வந்து சேர்ந்தது. அடுத்த தடவை மறுபடி பதின்மூன்று. மூன்றாவது தடவை விரல் சரி, ஸ்வரம் மறந்துவிட்டது.