அக்காவின் கட்டைவிரல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-இல் தொடங்கிய தன்னார்வத் திட்டத்தில் மூன்று மாதம் பெத்லஹேம் போய் இருந்துவிட்டு வந்தார். விடியுமுன்னே இஸ்ரேலின் 300-ஆம் எண் சோதனைச் சாவடியில் நின்று, எருசலேமுக்கு வேலைக்குப் போகும் பாலஸ்தீனர்கள் எத்தனை பேர் கடந்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள், கதவு எவ்வளவு நேரம் மூடிக் கிடந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், சண்டைக்குப் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு அழுத்து என்று கிளிக்கரை, அதாவது கையில் பிடித்து எண்ணும் சின்னக் கருவியை, அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது.

சும்மா எண்ணி என்ன ஆகும் என்று கேட்டேன். "யாரோ பார்க்கிறாங்கன்னா சில நாள் கதவு சீக்கிரம் திறக்கும் தம்பி."

சரிதான். இங்கே நிறவெறி ஆட்சியில் நேட்டால் மாகாணத்திலிருந்து டிரான்ஸ்வால் மாகாணத்துக்குப் போக, இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களுக்கும் பெர்மிட் வேண்டியிருந்த காலத்தில், பாட்டி எல்லையில் கைக்குழந்தையோடு வெயிலில் நின்றபோது அதைக் குறித்துவைக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.