ஏற்காட்டில் 11.6, சேலத்தில் 11.6: ரெண்டும் ஒரே ஹீமோகுளோபின் இல்லை

30 வாரக் கர்ப்பிணி ஒருவருக்குச் சேலம் டவுனில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.6 கிராம் என்று வந்தால், ரத்தசோகை இல்லை என்று எழுதிவிடலாம். ஏற்காட்டிலேயே குடியிருக்கும் பெண்ணுக்கு அதே 11.6 வந்தால்? உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கணக்குப்படி ரத்தசோகை இல்லை. 2024இல் வந்த புதிய கணக்குப்படி உண்டு. பெண்ணும் ரத்தமும் மாறவில்லை, கழிக்கிற எண் மட்டும்தான் மாறியிருக்கிறது.

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும், ரத்தத்தில் ஏறும் ஆக்சிஜனும் குறையும். சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை கூடுதலாகச் சிவப்பணுக்களைத் தயாரிக்கும். அதனால் மலையில் இருப்பவருக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்தாலும் எண் கொஞ்சம் தெம்பாகவே தெரியும். சமவெளி அளவுகோலோடு ஒப்பிடுவதற்கு முன் இந்தக் கூடுதலைக் கழிக்க வேண்டும். பழைய அட்டவணை 1500 மீட்டருக்கு 0.5 கழித்தது. புதியது 1000 முதல் 1499 மீட்டர் வரை 0.8, 1500 முதல் 1999 வரை 1.1 கழிக்கிறது. சேலம் 500 மீட்டருக்குக் கீழே இருப்பதால் அங்கே கழிக்க எதுவும் இல்லை.

ஏற்காட்டுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ஊர் சுமார் 1500 மீட்டரில், சரியாக அட்டவணைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1490 மீட்டரில் இருக்கும் எஸ்டேட் லைன் வீட்டுக்கு 0.8, சற்று மேலே 1510இல் இருக்கும் வீட்டுக்கு 1.1. இருபது மீட்டர் ஏறினதுக்கு எந்த உடம்பும் 0.3 கிராம் மாறாது. அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் சமன்பாட்டை நேரடியாகப் போட்டால் 1500 மீட்டருக்கு ஏறத்தாழ 0.9 வருகிறது. ஆய்வு என்றால் நான் சமன்பாட்டையே எடுப்பேன், அதையும் முதல் கர்ப்பிணியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வுத் திட்ட ஆவணத்தில் எழுதி வைப்பேன். உயரத்தை ஒவ்வொரு வருகையிலும் போன் ஜிபிஎஸ்ஸில் பார்க்கக் கூடாது, அது பத்து இருபது மீட்டர் முன்னே பின்னே காட்டும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் வரைபடத்திலிருந்து ஒரு எண்ணை ஒருமுறை எடுத்துப் பூட்டிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திருத்த எண்கள் சிறு குழந்தைகளிடமும் கர்ப்பமில்லாத பெண்களிடமும் எடுத்த தரவிலிருந்து வந்தவை. கர்ப்பத்தில் பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை பெருகும், சிவப்பணுக்கள் அந்த அளவு பெருகாது. ரத்தம் நீர்த்துப்போவதால்தான் ரத்தசோகைக்கான எல்லை கர்ப்பத்தின் முதல், மூன்றாம் பருவங்களில் (மும்மாதங்களில்) 11, இரண்டாம் பருவத்தில் 10.5. ஆகவே அளந்த எண் ஒரு பத்தியிலும் திருத்திய எண் இன்னொரு பத்தியிலும் இருக்க வேண்டும். அளந்ததை அழித்துவிட்டுத் திருத்தியதை எழுதினால், நாளைக்கு அட்டவணை மறுபடி மாறும்போது கையில் எதுவும் இருக்காது.

எல்லை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் வாரக் கணக்கும் பிசகக் கூடாது. 10.7 என்பது 27ஆம் வாரத்தில் சரி, 28இல் ரத்தசோகை. கடைசி மாதவிலக்குத் தேதியும் முதல் மூன்று மாத ஸ்கேனும் 9 முதல் 13 வாரத்துக்குள் ஏழு நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முகவரி இன்னொரு பொறி. பிக்மி என்ற அரசுக் கர்ப்பிணிப் பதிவில் ஏற்காடு என்று இருக்கும். வளைகாப்பு முடிந்து சேலத்துத் தாய்வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். மலையில் ஏறிய சிவப்பணு எண்ணிக்கை இறங்கியதும் சில வாரங்களில் குறைந்துவிடும். "எந்த ஊர்?" என்று கேட்காமல் "கடைசி மூணு மாசமா எங்க தங்கியிருக்கீங்கம்மா?" என்று கேட்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாகக் கழிக்கும்போது அளவீடே ஒரு கிராம் தப்பாக இருந்தால் எல்லாம் வீண். ஆய்வுக்குச் சிரை ரத்தம்தான், தானியங்கிக் கருவிதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் குறித்த கோடு வரை நிரப்பி, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் எண் கூடும். படுத்திருந்து எடுத்தால் குறையும். எல்லோரையும் பத்து நிமிடம் உட்கார வைத்தே எடுங்கள்.

விரல் நுனிதான் வழி என்றால், மலைக்குளிரில் கை சில்லிட்டிருக்கும், ரத்தம் வராது. உடனே விரலைப் பிழிவார்கள், திசு நீரும் கலந்து எண் குறையும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் காட்டச் சொல்லுங்கள். மோதிர விரலின் பக்கவாட்டில், ஸ்பிரிட் நன்றாக உலர்ந்த பிறகு குத்தி, முதல் இரண்டு துளியைத் துடைத்துவிட்டு மூன்றாவதை எடுக்கவும். ஹீமோக்யூ 201 என்ற கையடக்க ஹீமோகுளோபின் கருவியின் கியூவெட் (ரத்தம் ஏற்றும் சிறு தகடு) 10 மைக்ரோலிட்டரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பாதியில் நின்றதை மறுபடி தொட்டு நிரப்பினால் குமிழி. அந்தக் கியூவெட்டுக்கு ஈரம் ஆகவே ஆகாது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் டப்பா மூடியைத் திறந்து மேசையில் வைத்தால் போச்சு. திறந்த தேதியை டப்பா மேலேயே எழுதுங்கள், மூன்று மாதம்தான் கணக்கு. 30 டிகிரிக்கு மேல் வைக்கவும் கூடாது என்பதால், சேலம் சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டதும் சேர்த்தி இல்லை. சாலி முறையை ஆய்வில் சேர்க்கவே வேண்டாம். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவது ஆளுக்கு ஆள் மாறும்.

சேர்க்கை வரம்பு 7 முதல் 9.9 என்று வைத்த சிரைவழி இரும்பு ஆய்வில் இந்தத் திருத்தம் ஆட்களையே மாற்றிவிடும். 10.6 உள்ள ஏற்காட்டுப் பெண் 1.1 கழித்தால் உள்ளே, கழிக்காவிட்டால் வெளியே. மருந்தளவிலும் தெரியும்: எடை × ஹீமோகுளோபின் பற்றாக்குறை × 2.4, அதோடு இருப்புக்கு 500 என்ற கன்சோனி வாய்ப்பாட்டில் (தேவையான இரும்பைக் கணக்கிடுவது), 50 கிலோ பெண்ணுக்கு 1.1 என்பது 132 மில்லிகிராம் இரும்பு.

எண் எல்லைக்கருகில் நின்று குழப்பினால் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். முதல் பருவத்தில் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு, அதற்கு உயரத் திருத்தம் கிடையாது. ஆனால் காய்ச்சல், தொற்று இருந்தால் அது பொய்யாக ஏறும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்து எடுக்க வேண்டும். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழே, ஃபெரிட்டின் சரி, மாத்திரைக்கும் அசையவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு சந்தேகம்; ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்று கேட்டுவிடுங்கள். காபித் தோட்டத்து ஊரில் பாதி நேரம் பதில் அங்கேயே கிடைக்கும். காபிக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட வேண்டும்.